விலங்கியலா, சூழலியலா: எம்.எஸ்சி. சேரும் முன்

கேள்வி: "பி.எஸ்சி. விலங்கியல் கடைசி ஆண்டு படிக்கிறேன். அடுத்து எம்.எஸ்சி.யில் சூழலியலும் சுற்றுச்சூழல் அறிவியலும் படிக்க ஆசை. வீட்டிலோ, விலங்கியலிலேயே எம்.எஸ்சி. முடித்து பி.எட். போட்டுவிட்டால் வாத்தியார் வேலையாவது கிடைக்கும் என்கிறார்கள். இந்தப் படிப்பில் என்னதான் சொல்லித் தருவார்கள்? எங்கே சேரலாம்? முடித்தால் என்ன வேலை?"

வீட்டில் சொல்வதிலிருந்தே தொடங்குகிறேன், அதில் பாதி சரி. அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வில் தாவரவியல் உண்டு, விலங்கியல் உண்டு. சுற்றுச்சூழல் அறிவியல் என்று ஒரு பாடம் கிடையாது. பள்ளி ஆசிரியர் பணிதான் உங்கள் குறி என்றால் விலங்கியலிலேயே இருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நல்ல வேலை. கல்லூரியில் பாடம் எடுக்கலாமே என்று நினைத்தால், சுற்றுச்சூழல் அறிவியலுக்கென்று தனித் துறை வைத்திருக்கும் கல்லூரிகள் நம் பக்கம் சொற்பம். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் சொன்னதன் தொடர்ச்சியாகத்தான் இளநிலை மாணவர் எல்லோருக்கும் சுற்றுச்சூழல் ஒரு கட்டாயத் தாள் ஆனது. ஆனால் பல கல்லூரிகளில் அந்தத் தாளை எடுப்பவர் வேதியியலோ தாவரவியலோ படித்தவர்தான். இந்தக் கசப்பை முதலிலேயே விழுங்கிவிட்டால் மற்றதைத் தெளிவாகப் பேசலாம்.

இன்னொன்றும் வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள்: "வனத்துறை அதிகாரி ஆகலாமே." இந்திய வனப் பணித் தேர்வுக்கு உங்கள் பி.எஸ்சி. விலங்கியலே போதும். அதன் விருப்பப்பாடப் பட்டியலிலும் விலங்கியல், தாவரவியல், வனவியல் எல்லாம் இருக்கின்றன, சுற்றுச்சூழல் அறிவியல் இல்லை. வனப் பணிக்காக மட்டும் இந்த எம்.எஸ்சி. படிக்கத் தேவையில்லை.

அப்படியானால் யார் படிக்க வேண்டும்? இந்தப் பட்டத்தின் பெயரில் ஒரு "உம்" இருக்கிறதே, அதற்கு இந்தப் பக்கம் ஒரு தொழில், அந்தப் பக்கம் வேறொரு தொழில். சூழலியல் என்பது உயிரினங்கள் எத்தனை, எங்கே, ஏன் என்று கேட்பது. அதன் கருவிகள் நாடா, பைனாகுலர், கேமரா, புள்ளியியல். சுற்றுச்சூழல் அறிவியல் என்பது நீரிலும் காற்றிலும் மண்ணிலும் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு, சட்டப்படி எவ்வளவு இருக்கலாம் என்று கேட்பது. அதன் கருவிகள் பியூரெட், ஸ்பெக்ட்ரோமீட்டர், அரசிதழ் அறிவிப்புகள். இரண்டையும் நான்கு செமஸ்டரில் திணித்துத் தருகிறார்கள். முதல் ஆண்டு முடிவதற்குள் எந்தக் காலில் நிற்கப்போகிறோம் என்று முடிவு செய்துகொண்ட மாணவருக்கு இது அருமையான படிப்பு. கடைசிவரை முடிவு செய்யாதவர் கையில் இரண்டிலும் அரைகுறையான ஒரு சான்றிதழ்தான் மிஞ்சும். இத்தனை ஆண்டுகளில் வேலைக்கு விண்ணப்பித்து வந்த பிள்ளைகளைப் பார்த்ததில் எனக்குத் தெரிந்த பெரிய வித்தியாசம் இதுதான். எந்தப் பல்கலைக்கழகம் என்பது அதற்கு அடுத்துத்தான்.

இரண்டும் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன்.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் இந்தப் பெயரிலேயே ஒரு துறை இருக்கிறது. காலாப்பட்டு வளாகத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்சம் வடக்கே போனால் கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயில். கோயிலைச் சுற்றியுள்ள காடு, சோழமண்டலக் கடற்கரையில் மிச்சமிருக்கும் உலர் பசுமைமாறாக் காட்டின் ஒரு துண்டு. காசான், வீரை, பாலை என்று உயரம் குறைந்த மரங்கள் நெருக்கியடித்து நிற்கும், இடையில் கொடிகள் பின்னிக்கிடக்கும். இந்தக் காட்டை அந்தத் துறையினர் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். இப்படி ஓரிடத்தில் ஒரு ஹெக்டேரை 10-க்கு 10 மீட்டர் கட்டங்களாகக் கயிறு கட்டிப் பிரித்தால் நூறு கட்டம் வரும். ஒவ்வொரு கட்டத்திலும், முன்பே முடிவு செய்த சுற்றளவுக்கு மேற்பட்ட எல்லா மரத்தையும் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடா சுற்றி அளக்க வேண்டும்.

கேட்க எளிது. ஒரு காசான் மரம் அடியிலிருந்தே மூன்று தண்டாகப் பிரிந்து நிற்கிறது, ஒவ்வொன்றும் 30 செ.மீ. சுற்றளவு. புதிதாக வந்தவர் கூட்டி 90 என்று எழுதிவிடுவார். அடிப்பரப்பு, அதாவது அந்த உயரத்தில் தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு, சுற்றளவின் வர்க்கத்தைப் பொறுத்தது. தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டினால் ஏறத்தாழ 215 ச.செ.மீ., 90 என்று போட்டால் 645. ஒரே மரத்தில் மூன்று மடங்கு பிழை. காட்டில் எவ்வளவு கரிமம் சேர்ந்திருக்கிறது என்று பிற்பாடு கணக்குப் போடும்போது இந்தப் பிழை அப்படியே ஊதிப்பெருத்து வந்து நிற்கும். சூழலியல் பக்கம் போகிறவருக்கு இந்த வகைக் கவனம்தான் மூலதனம். புலி பார்ப்பதெல்லாம் எப்போதாவது கிடைக்கும் போனஸ்.

அடுத்த பக்கத்துக்கு வாருங்கள். ஒரு ஏரியிலோ ஆலைக் கழிவுநீரிலோ உயிரிவேதி ஆக்சிஜன் தேவை எவ்வளவு, அதாவது அதிலுள்ள கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று பார்க்க வேண்டும். எல்லோரும் பிஓடி என்றுதான் சொல்வோம். முதலில் கரைந்த ஆக்சிஜனை அளக்க வேண்டும், அதை ஆய்வகத்துக்கு வந்து சாவகாசமாக அளக்க முடியாது. கரையிலேயே, குமிழி புகாமல் பாட்டிலை நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் விட்டு ஆக்சிஜனைக் கட்டிப்போட வேண்டும். ஆக்சிஜன் நிறைய இருந்தால் பழுப்பு வீழ்படிவு இறங்கும், இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். மூக்கும் கண்ணும் முன்பே சொன்னதை அது உறுதிப்படுத்தும். பிறகு கந்தக அமிலம் விட்டு, தயோசல்பேட்டால் தரம்பார்த்து, ஸ்டார்ச்சின் நீலம் மறையும் சொட்டில் நிறுத்த வேண்டும். இன்னொரு பாட்டிலை இன்குபேட்டரில் வைத்துத் திரும்ப அளந்தால், வித்தியாசத்தை வைத்துப் பிஓடி கணக்கிடலாம், கழிவுநீரை நீர்க்கச் செய்திருந்தால் அந்த மடங்கால் பெருக்கிக்கொள்ள வேண்டும். பழைய முறையில் 20 டிகிரியில் ஐந்து நாள், நம் நாட்டு முறையில் 27 டிகிரியில் மூன்று நாள். வியாழக்கிழமை மாதிரி எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்தைத் திறக்க ஆள் வேண்டும் என்பதைப் பாடப்புத்தகம் சொல்லாது. உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கான பொது வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம். நீங்கள் எழுதும் எண் 28-ஆ 34-ஆ என்பதில் ஒரு ஆலையின் பணமும் ஒரு ஊரின் தண்ணீரும் இருக்கிறது. இந்த வேலையில் ருசி காணும் ஆட்கள் உண்டு, எனக்குத் தெரிந்த சிலர் முப்பது வருடமாக இதையே சலிக்காமல் செய்கிறார்கள்.

இந்த இரண்டு வேலையில் எது உங்களை இழுத்தது என்று பாருங்கள். இரண்டுமே இழுக்கவில்லை, "இயற்கையைக் காப்பாற்ற வேண்டும்" என்ற எண்ணம் மட்டும் இருக்கிறது என்றால், அதற்கு எம்.எஸ்சி. தேவையில்லை. சட்டம் படிக்கலாம், பத்திரிகைக்குப் போகலாம், அங்கேயும் ஆள் பற்றாக்குறைதான்.

பாடத்திட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். இனத்தொகைச் சூழலியல், சமுதாயச் சூழலியல், சூழல் வேதியியல், நச்சியல், தொலையுணர்வும் கணினி வரைபட முறையான ஜிஐஎஸ்ஸும், 1974 நீர்ச் சட்டத்திலிருந்து 2002 உயிரியற் பன்மைச் சட்டம் வரை சட்டங்கள், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, கடைசியில் ஆய்வேடு. விலங்கியலிலிருந்து வரும் உங்களுக்கு முதல் செமஸ்டரில் வேதியியல் கொஞ்சம் கடிக்கும், சமாளித்துவிடலாம்.

புள்ளியியல்தான் வேறு கதை. உயிரியல் எடுத்தவர்களில் பலர் கணக்குக்குப் பயந்து எடுத்தவர்கள். இங்கே அது வட்டியோடு திரும்பி வரும். ஆர் என்ற இலவச மென்பொருளை இப்போதே கணினியில் இறக்கிக்கொள்ளுங்கள். சூத்திரம் மனப்பாடம் செய்வது முக்கியமல்ல, எதைத் தனியொரு மாதிரியாக எண்ணலாம் என்று புரிய வேண்டும். ஒரு உதாரணம். கழிவுநீர் கலக்கும் ஏரி ஒன்று, கலக்காத ஏரி ஒன்று, இரண்டிலும் தலா 15 இடத்தில் நீர் எடுத்து நத்தைகளை எண்ணுகிறீர்கள். இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட் போட்டால் வேறுபாடு பளிச்சென்று வரும், ஆய்வேட்டில் "கழிவுநீரால் நத்தை குறைகிறது" என்று எழுதிவிடுவீர்கள். உண்மையில் உங்களிடம் 30 மாதிரிகள் இல்லை, இரண்டு ஏரிகள்தான் இருக்கின்றன. அந்த இரண்டுக்கும் ஆழத்தில், அடிமண்ணில், மீன் வளர்ப்பில், எதில் வேண்டுமானாலும் வித்தியாசம் இருக்கலாம். ஏரிக்கு 15 என்பதை விட்டுவிட்டு, கழிவுநீர் கலக்கும் ஏரி ஆறு, கலக்காதது ஆறு என்று போய், ஏரிக்கு மூன்று மாதிரி எடுத்திருந்தால் பேச்சுக்கு ஒரு பலம் வந்திருக்கும். நம் பல்கலைக்கழக ஆய்வேடுகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் ஓட்டை இதுதான். நேர்முகத் தேர்வில் இதை ஒருவர் தானாக எடுத்துச் சொன்னால் நான் போடும் மதிப்பெண்ணில் பாதி அவருக்கு அங்கேயே கிடைத்துவிடும்.

சேரும் இடங்கள். புதுச்சேரிக்கு இப்போது சேர்க்கை சியுஇடி என்ற பொது நுழைவுத் தேர்வின் முதுநிலைத் தாள் வழியாக. மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் கட்டணம் தாங்கக்கூடியது, வகுப்பில் பல மாநிலத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். ஊருக்குள் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது, பெயர் தெரியாத இலையைக் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் ஆழ்வார்குறிச்சியில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலேயே இருக்கிறது. தென்காசி, நெல்லைப் பிள்ளைகள்கூட இதை மறந்துவிட்டுச் சென்னைக்கு ஓடுவது எனக்கு இன்னும் விளங்கவில்லை. கோவை பாரதியார், சேலம் பெரியார் பல்கலைக்கழகங்களிலும் துறைகள் உண்டு. அங்கெல்லாம் ஆய்வகப் பக்கம் கனம் அதிகம் என்பது என் எண்ணம்.

காட்டுயிர்தான் வேண்டும் என்றால் பட்டத்தின் பெயரே மாறும். மயிலாடுதுறை பக்கம் மன்னன்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும், உதகை அரசு கலைக் கல்லூரியிலும் காட்டுயிர் உயிரியல் எம்.எஸ்சி. இருக்கிறது. வெளியே சொன்னால் பளபளப்பு இல்லாத பெயர்கள்தான். ஆனால் இந்தியாவின் காட்டுயிர் ஆய்வு முகாம் எதற்குப் போனாலும் இந்த இரண்டில் ஒன்றில் படித்த ஒருவரைப் பார்க்காமல் திரும்புவது கடினம். மேலே போனால் டேராடூன் இந்தியக் காட்டுயிர் நிறுவனமும் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையமும் (என்சிபிஎஸ்). என்சிபிஎஸ்ஸில் ஆண்டுதோறும் சேர்க்கை நடப்பதில்லை, ஓராண்டு விட்டு ஓராண்டுதான். இடங்களும் மிகக் குறைவு. உங்கள் ஆண்டு எது என்று இப்போதே இணையதளத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். என்சிபிஎஸ்ஸுக்கு உயிரியல் பட்டம்தான் வேண்டும் என்றில்லை, பொறியியல் படித்தவர்கள்கூடச் சேர்ந்திருக்கிறார்கள்.

எங்கே சேர்ந்தாலும், ஆய்வேடுதான் உங்கள் அடுத்த ஐந்து ஆண்டைத் தீர்மானிக்கும். நான்காம் செமஸ்டர் என்பது கையில் நாலைந்து மாதம். இங்கே பிள்ளைகள் மாட்டிக்கொள்வது அனுமதியில். சரணாலயத்துக்குள்ளோ புலிகள் காப்பகத்துக்குள்ளோ ஆய்வு செய்ய மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். கோப்பு நகர மாதக்கணக்கில் ஆகும், வரும்போது செமஸ்டர் முடிந்திருக்கும். முதுமலைக் கனவைப் பிஎச்.டி.க்கு எடுத்து வையுங்கள். கோயில் காடு, கண்மாய், உப்பளம், நெல்வயல், கழிமுகம் ஆகியவற்றில் பெரும்பாலும் ஊராரிடமோ உரியவரிடமோ கேட்டால் போதும், கேள்விகளுக்கும் பஞ்சமில்லை. சீமைக் கருவேலம் வெட்டிய கண்மாயில் இரண்டு மழைக்குப் பிறகு என்ன முளைக்கிறது, தெருவிளக்கு மாறிய ஊரில் வௌவால் நடமாட்டம் எப்படி மாறுகிறது, நெல்வயலில் எந்தப் பருவத்தில் எந்தத் தவளை கூப்பிடுகிறது. ஆங்கிலத்தில் "டைவர்சிட்டி ஆஃப்" என்று தொடங்கி ஏதோ ஒரு ஏரியின் பெயரில் முடியும் தலைப்பை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள். பட்டியல் மட்டும் மிஞ்சும், கேள்வி இருக்காது.

வேலைக்கு வருவோம். தனியார் பக்கம் எம்.எஸ்சி. முடித்ததும் அதிகம் பேர் நுழையும் கதவு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆலோசனை நிறுவனங்கள். மத்திய அரசின் 2006 செப்டம்பர் 14 அறிவிக்கைதான் இந்தத் தொழிலின் அடித்தளம். ஒரு ஆலையோ சுரங்கமோ வரும் இடத்தைச் சுற்றி பொதுவாக 10 கி.மீ. வட்டத்தில், மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவம் தரவு எடுத்து அறிக்கை தர வேண்டும். நீர், காற்று, ஒலி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அங்கீகரிக்கப்பட்ட வல்லுநர், அதில் சூழலியலும் பல்லுயிரியமும் ஒன்று. ஆலோசனை நிறுவனங்களுக்கும் அவற்றின் வல்லுநர்களுக்கும் அங்கீகாரம் தரும் நாபெட் அமைப்பின் அங்கீகாரம் வாங்கச் சில ஆண்டு அனுபவம் தேவை, அதுவரை உதவியாளர்தான். சம்பளம் மெதுவாக ஏறும், பயணம் அதிகம்.

இந்த அறிக்கைகளில் மயில் ஒரு தனி அத்தியாயம். மயில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணை உயிரினம் ஆய்வுப் பகுதியில் தென்பட்டால் பாதுகாப்புத் திட்டம் எழுதி நிதி ஒதுக்க வேண்டும். நம் ஊரில் மயில் இல்லாத 10 கி.மீ. வட்டம் எங்கே இருக்கிறது? ஆக அறிக்கைக்கு அறிக்கை மயில் திட்டம், தண்ணீர்த் தொட்டி, விழிப்புணர்வுப் பலகை. அதே வட்டத்துக்குள் வரப்பில் கூடு வைக்கும் ஆள்காட்டிக்கோ, புதர்க்காட்டுத் தேவாங்குக்கோ எத்தனை அறிக்கையில் உருப்படியான பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். அறிக்கைக்குப் பணம் கொடுப்பவர் திட்டத்தின் முதலாளிதான் என்பதும் இந்தத் தொழிலின் பிறவிக் கோளாறு. பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் முதுகெலும்பு இருந்தால் இதற்குள் போங்கள். நல்ல சூழலியலாளர் உள்ளே இருந்தால் ஒரு ஓடை தப்பியதை நான் கண்டிருக்கிறேன்.

ஆய்வகப் பக்கம் தேர்ந்தவர்களுக்கு வாய்ப்பு இன்னும் பரவலானது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், வேலூர், ராணிப்பேட்டை பக்கத்துத் தோல் தொழில், மருந்து ஆலைகள், அங்கீகாரம் பெற்ற தனியார் பரிசோதனைக் கூடங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் உதவிப் பொறியாளர் பதவிக்குப் பொறியியல் பட்டம் கேட்பார்கள், சுற்றுச்சூழல் விஞ்ஞானி பதவிக்கு எம்.எஸ்சி. செல்லும். ஆனால் அந்த அறிவிப்பு அத்திப்பூத்தாற்போலத்தான் வரும், வேதியியல்காரர்களும் போட்டியில் இருப்பார்கள். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் ஆயிரம் நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் நீடித்த நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும் என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி கட்டாயமாக்கிய பிறகு, அந்தப் பக்கமும் ஆள் எடுக்கிறார்கள். ஏசி அறை, எக்செல், நல்ல சம்பளம். கிணற்று நீரை முகர்ந்து பார்க்கும் ஆசை உள்ளவர் அங்கே வாடிப்போவார்.

ஆய்வும் பாதுகாப்புப் பணியும் என்றால், சென்னையில் கடலோர மேலாண்மை தேசிய மையம், ஆனைகட்டியில் பறவை ஆய்வுக்கான சலீம் அலி மையம், வால்பாறையில் மழைக்காட்டை மீட்டெடுக்கும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை, கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை, மணிமுத்தாற்றில் ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு அமைப்பின் சமுதாய மையம் என்று இடங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் திட்ட வேலை, ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம். தமிழ்நாட்டில் ராம்சர் தலங்கள், அதாவது உலக முக்கியத்துவம் உள்ளவையாக அறிவிக்கப்பட்ட ஈரநிலங்கள், 20 ஆகிவிட்டன, நாட்டிலேயே அதிகம். கழுவேலி, பிச்சாவரம், பள்ளிக்கரணை எல்லாவற்றுக்கும் மேலாண்மைத் திட்டம், கண்காணிப்பு என்று வேலை இருக்கிறது. அரசின் காலநிலை மாற்ற இயக்கமும் பசுமைத் தோழர் திட்டமும் வந்த பிறகு மாவட்ட அளவில் இளைஞர்களுக்கு நுழைவாயில் திறந்திருக்கிறது.

பிஎச்.டி. எண்ணம் இருந்தால் இரண்டாம் ஆண்டிலேயே தேசியத் தகுதித் தேர்வான நெட் எழுதுங்கள். அதில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் வரும், வீட்டில் கேட்கும் கேள்விக்கு அதுவே பதிலாகிவிடும். யுஜிசி நெட்டில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பாடம். சிஎஸ்ஐஆரின் உயிர் அறிவியல் தாளையும் சேர்த்து எழுதலாம். அதன் சி பகுதியில் 75 வினாவில் 25-க்கு விடை எழுதினால் போதும் என்பதால் சூழலியல், பரிணாமம், நடத்தை, ஆய்வு முறைகளை ஆழமாகப் படித்தவருக்குத் தேர்ந்தெடுக்க இடம் உண்டு. விலங்கியல் பின்னணி உங்களுக்கு அங்கே கைகொடுக்கும். கேட் தேர்விலும் சூழலியலும் பரிணாமமும் ஒரு தாள், சுற்றுச்சூழல் அறிவியலும் பொறியியலும் இன்னொரு தாள். வெளிநாடு என்றால் ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, வாழ்க்கைச் செலவுக்கு முன்பணம் காட்ட வேண்டும். எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகைக்கும் முயலலாம். இரண்டுக்குமே ஒரு வருடக் கள அனுபவத்தோடு விண்ணப்பிப்பவருக்கு மரியாதை வேறு.

சேர்க்கைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் ஊர் ஏரியிலிருந்தே சேர்ந்துகொள்ளுங்கள். தாமிரபரணிக் கரை மாவட்டம் என்றால் அங்கே நீர்ப்பறவைக் கணக்கெடுப்பே தனியாக நடக்கிறது. அடுத்து, உங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் ஒரு பேராசிரியரைக் கெஞ்சி, ஒரே ஒரு கிணற்று நீருக்கு ஆக்சிஜன் அளந்து பாருங்கள். விடியற்காலை ஐந்து மணிக் குளிரில் கொக்கை எண்ணியது பிடித்ததா, பியூரெட்டின் கடைசிச் சொட்டுக்குக் காத்திருந்தது பிடித்ததா என்று எழுதுங்கள். எந்தத் துறைக்கு விண்ணப்பிக்கலாம், எந்த வழிகாட்டியிடம் பேசலாம் என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.